ஓமந்தூரார் சட்டமும் மேல்பாதிப் பூட்டும்

சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் சட்டம். அதன் மூன்றாவது பிரிவு, குறுக்கே நிற்பவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறது. மாறாக எந்தச் சட்டம் இருந்தாலும், எந்த வழக்கம் இருந்தாலும், எந்த நடைமுறை இருந்தாலும் சரி, இதுவரை விலக்கி வைக்கப்பட்ட வகுப்பினர் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் போகலாம். மற்ற இந்துக்கள் எப்படி, எதுவரை போய்க் கும்பிடுகிறார்களோ அப்படியே, அதுவரை போய்க் கும்பிடலாம். உள்ளே போன ஒரே காரணத்துக்காக அவர்கள்மேல் தாவா போட முடியாது, குற்ற வழக்கும் தொடுக்க முடியாது.

இந்தச் சட்டம் வந்தபோது மாகாணப் பிரதமராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் பிறந்தவர். திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தவர். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை பதவியில் இருந்தார். தேவதாசி ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு, கோயில் நுழைவு என்று அந்த இரண்டே ஆண்டுகளில் வந்த சட்டங்களின் பட்டியலைப் பார்த்தால், நிதானமானவர் என்று பெயரெடுத்த அந்த விவசாயி எவ்வளவு அவசரத்தில் இருந்தார் என்பது தெரியும்.

அவர் மறைந்தது 1970-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், அதே பழைய தென்னாற்காட்டு மண்ணில், விழுப்புரம் அருகே மேல்பாதி கிராமத்தில் ஒரு கோயில் பூட்டப்பட்டது. தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன பட்டியல் சாதி இளைஞர் தாக்கப்பட்டார். சமாதானப் பேச்சுவார்த்தைகள் பலன் தரவில்லை. ஜூன் 7 அன்று வருவாய்க் கோட்டாட்சியர் கோயிலுக்கு சீல் வைத்தார். அதற்கு அவர் கையில் எடுத்தது ஓமந்தூரார் காலத்துச் சட்டமல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு.

ஒரே தகராறுக்கு இரண்டு சட்டங்கள் பொருந்துகிறபோது எதை எடுப்பது, எடுத்ததை எப்படி வாசிப்பது என்பது நீதிமன்றங்களின் அன்றாடப் பிரச்சினை. அந்த வாசிப்பு முறையை நாம் இங்கிலாந்திடமிருந்து பெற்றோம். மேல்பாதியில் நடந்ததைப் புரிந்துகொள்ள அங்கேயும் கொஞ்சம் போய்வர வேண்டும்.

இங்கிலாந்துச் சட்டம் ஒரே புத்தகத்தில் இல்லை. நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்கள், நீதிபதிகளின் தீர்ப்புகள் வழியாக நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பொதுச் சட்டம், ஊர் வழக்கங்கள் என்று பல ஊற்றுகளிலிருந்து அது வருகிறது. இவற்றில் நாடாளுமன்றச் சட்டத்துக்குத்தான் முதலிடம். அதைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் அந்நாட்டு நீதிமன்றங்களுக்கு இல்லை. தீர்ப்புகளுக்கு அடுத்த இடம். பிரபுக்கள் சபை நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பை விட்டுத் தானே விலக முடியாது என்று 1898-இல் சொல்லிவிட்டு, 1966 வரை அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. கடைசியில் வருவது வழக்கம். ஊர் வழக்கம் என்று யாராவது வந்து நின்றால் அங்கே கடுமையான சோதனை உண்டு. நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு அது இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்கு 1189 என்று ஓர் ஆண்டையே குறித்து வைத்திருக்கிறார்கள். இடையில் அறுபடாமல் வந்திருக்க வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் நியாயமானதாக இருக்க வேண்டும். நியாயமற்ற வழக்கம் எவ்வளவு பழையதானாலும் அங்கே சட்டம் ஆகாது.

இந்தச் சட்டம் கப்பலேறிச் சென்னைக்கு வந்தபோது கோட்டைக்குள் ஒரு மாதிரியாகவும் வெளியே வேறு மாதிரியாகவும் ஆயிற்று. 1726-ஆம் ஆண்டு சாசனத்தால் மேயர் நீதிமன்றம் அமைந்ததோடு அன்றைய இங்கிலாந்துச் சட்டம் சென்னைப் பட்டணத்துக்குள் புகுந்தது. பட்டணத்துக்கு வெளியே, திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்ப்பக்கத்து வழக்குகளுக்கு 1873-ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு வழிகாட்டியது. வாரிசு, திருமணம், சாதி, சமய வழக்கம் என்று வந்தால் இந்துக்களுக்கு இந்துச் சட்டம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம், அல்லது சட்டத்தின் பலம் பெற்ற வழக்கம். இவை எதுவும் பேசாத இடத்தில் நீதி, நேர்மை, நல்ல மனச்சாட்சி. அந்த மனச்சாட்சி யாருடையது என்ற சந்தேகத்தை லண்டன் பிரிவி கவுன்சில் 1887-இல் தீர்த்து வைத்தது. இந்தியச் சமூகத்துக்குப் பொருந்துமானால் இங்கிலாந்துச் சட்ட விதிகள்தான் அந்த மனச்சாட்சி.

சாதியும் கோயிலும் மட்டும் இந்த மனச்சாட்சிக்கு அப்பால் நின்றன. அங்கே வழக்கமே ராஜா. ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில் 1868-இல் பிரிவி கவுன்சில், இந்து முறையில் வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் அது எழுதப்பட்ட சாஸ்திரத்தையும் மிஞ்சும் என்று சொல்லியிருந்தது. அந்த வழக்கில் அது ஒரு விதவை ராணிக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அதே சிந்தனை நாற்பது ஆண்டு கழித்து கமுதிக்குப் போனபோது வேறு பக்கம் சாய்ந்தது.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். மதுரையில் தொடங்கிய வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக லண்டன் போனது. 1908-இல் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நாடார்கள் உள்ளே வராததுதான் வழக்கம், அது நிரூபணமாகிவிட்டது என்பதே முடிவு. லண்டன் டவுனிங் தெருவில் உட்கார்ந்த பிரபுக்கள், தங்கள் நாட்டு வழக்கத்துக்கு வைக்கும் நியாயச் சோதனையைக் கமுதி வழக்கத்துக்கும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வழக்கம் இருக்கிறதா என்பதில்தான் அந்த வழக்கு முழுதும் சுழன்றது. அது சரியா என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுவிட்டது.

கமுதித் தீர்ப்பின் விளைவு நீண்டது. கோயிலுக்குள் போனவர் சிவில் தீங்கு செய்தவர் ஆனார். அவர்மேல் தாவா போடலாம், சுத்திகரிப்புச் செலவைக் கேட்கலாம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஆதிதிராவிடர் ஐவரையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தபோது ராஜாஜி அரசு உடனடியாகக் கவலைப்பட்டது இதற்காகத்தான். அந்த ஆண்டு வந்த சட்டத்தின் பெயரிலேயே ஆலயப் பிரவேச அனுமதியோடு காப்புறுதியும் சேர்ந்தது அதனால்தான். நுழைந்தவர்களையும் அனுமதித்த அதிகாரிகளையும் வழக்குகளிலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. மற்றபடி 1939 சட்டம் அரைக் கதவைத்தான் திறந்தது. கும்பிடுபவர்களின் கருத்து சாதகமாக இருந்தால் அறங்காவலர்கள் அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம் என்றது. திறப்பது ஒரு சலுகை.

1947-இல் அது உரிமை ஆயிற்று. இந்த மாற்றத்தைக் காண ஒரு பழைய இங்கிலாந்துத் தீர்ப்பு நல்ல கண்ணாடி. 1584-இல் டெவன் பகுதி நிலக் குத்தகை ஒன்றைப் பற்றிய ஹெய்டன் வழக்கில் நீதிபதிகள் நான்கு கேள்விகளை வைத்தார்கள். இந்தச் சட்டம் வருமுன் நிலவிய சட்டம் என்ன? அதில் இருந்த கேடு என்ன? அந்தக் கேட்டுக்கு நாடாளுமன்றம் சொன்ன மருந்து என்ன? அந்த மருந்தின் உண்மையான காரணம் என்ன? இவற்றுக்கு விடை தெரிந்தபின், கேட்டை அடக்கி மருந்தை வளர்க்கும் விதமாகச் சட்டத்தை வாசிப்பது நீதிபதியின் கடமை. நம் உச்ச நீதிமன்றமும் 1955-இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் இந்த வாசிப்பு முறையை ஏற்றது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது சொல்லுக்குச் சொல் வாசிக்கும் முறை. எழுதியிருப்பது தெளிவாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள், நோக்கம் தேடிப் போகாதே என்பது அதன் கட்டளை. 1868-ஆம் ஆண்டின் ஒயிட்லி வழக்கு இதற்குப் பேர்போன உதாரணம். ஓட்டுரிமை உள்ள ஒருவரைப் போல நடித்து ஓட்டுப் போடுவது குற்றம் என்று சட்டம். ஒருவர் இறந்துபோனவர் பெயரில் ஓட்டுப் போட்டுப் பிடிபட்டார். இறந்தவருக்கு ஓட்டுரிமை கிடையாது, ஆகவே ஓட்டுரிமை உள்ளவரைப் போல நடித்ததாகாது என்று நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. நம் ஊர் வாக்குச்சாவடி முகவர்களுக்கு இந்தத் தீர்ப்பு தெரியாதது நல்லதுதான். சொல்லைப் பிடித்தால் அபத்தத்தில் முடியுமானால் மட்டும் சற்றே விலகலாம் என்ற நடுவழியை 1857-இல் கிரே வழக்கு சொல்லியிருந்தது. ஒயிட்லி வழக்கில் அந்த வழியில் யாரும் போகவில்லை.

ஹெய்டனின் நான்கு கேள்விகளை 1947 சட்டத்திடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் விடை சட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. முன்பு நிலவிய சட்டம் கமுதி. கேடு என்னவென்பதை முகவுரையே சொல்கிறது: வழக்கத்தாலும் நடைமுறையாலும் சில வகுப்பு இந்துக்கள்மேல் சுமத்தப்பட்ட தடைகள். மருந்து மூன்றாவது பிரிவு. உள்ளே போனதற்காக வழக்குப் போடக் கூடாது என்ற அதன் பின்பாதியைக் கமுதித் தீர்ப்போடு பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் பொருள் முழுதாகும். 1908-இல் லண்டன் கொடுத்த நிவாரணத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பறிக்கிற வாக்கியம் அது. தீர்ப்பால் எழுந்த சட்டத்தைச் சட்டமன்றம் சட்டத்தால் இடிக்கிறது. வழக்கம் என்ற ஊற்று, கோயில் வாசலைப் பொறுத்தவரை, அன்றோடு அடைபட்டது. குறைந்தபட்சம் காகிதத்தில்.

ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது. கோயில் என்பதற்கு 1947 சட்டம் கொடுத்த இலக்கணத்தில், பொதுவாக இந்துச் சமூகத்துக்கு அர்ப்பணிக்கப்பட்ட பொது வழிபாட்டிடம் என்ற பொருள்பட எழுதியிருந்தார்கள். எங்கள் கோயில் பொதுவாக எல்லா இந்துக்களுக்கும் உரியதல்ல, எங்கள் சமூகத்துக்கு மட்டும் உரியது என்று ஒருவர் சொன்னால்? அன்றைய சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில், மங்களூர் அருகே மூல்கி என்ற ஊரின் வெங்கடரமணர் கோயில் அறங்காவலர்கள் அதைத்தான் சொன்னார்கள். கௌட சாரஸ்வதப் பிராமணர்கள் தங்களுக்காகக் கட்டிய கோயில் அது, சட்டம் எங்களைத் தொடாது என்பது அவர்கள் கட்சி. 1949-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம் இலக்கணத்தைத் திருத்தியது. இந்துச் சமூகத்துக்கு, 'அல்லது அதன் எந்தப் பிரிவுக்கும்' என்று சேர்த்தது. இந்தச் சின்னச் சொற்றொடரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேல்பாதிக்கு இது திரும்பவும் தேவைப்படும்.

மூல்கி வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசியலமைப்பு வந்துவிட்டது. இங்கிலாந்தில் இல்லாத ஒரு படி நம் சட்ட ஏணியில் எல்லாவற்றுக்கும் மேலே ஏறிக்கொண்டது. 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 13-ஆவது உறுப்பு, அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்றதோடு, சட்டம் என்ற சொல்லில் சட்டத்தின் பலம் பெற்ற வழக்கமும் அடங்கும் என்றது. ஊர் வழக்கத்தையும் அடிப்படை உரிமை என்ற தராசில் நிறுக்க வேண்டும் என்பதே இதன் பொருள். 372-ஆவது உறுப்பு பழைய சட்டங்களைத் தொடரவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓமந்தூரார் காலத்துச் சட்டமன்றமே லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ்ப் பிறந்தது. அந்த வேரிலிருந்து முளைத்த சட்டம்தான் லண்டன் பிரிவி கவுன்சிலின் கமுதித் தீர்ப்பை அடித்துப்போட்டது.

புதிய அரசியலமைப்பு மூல்கி அறங்காவலர்களுக்கும் ஓர் ஆயுதம் கொடுத்தது. 26-ஆவது உறுப்பின்படி ஒவ்வொரு சமயப் பிரிவும் தன் சமய விவகாரங்களைத் தானே நடத்தலாம். அதே சமயம் 25-ஆவது உறுப்பின் இரண்டாவது பகுதி, பொதுத்தன்மை கொண்ட இந்துச் சமய நிறுவனங்களை எல்லா வகுப்பு, எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்கிறது. இரண்டும் ஒரே அரசியலமைப்பின் வாசகம். சொல்லுக்குச் சொல் வாசித்தால் இரண்டில் ஒன்று செத்துப்போகும்.

1957 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்காகத் தீர்ப்பெழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர். கர்நாடக இசை ரசிகர்களுக்கு அவரை முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளின் அறிஞராகவும் தெரியும். இரண்டு உறுப்புகளுக்கும் உயிர் இருக்கும்படி இணக்கமாக வாசிக்க வேண்டும் என்பது அவர் முடிவு. மூல்கிக் கோயில் ஒரு சமயப் பிரிவினுடையதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கதவைத் திறக்கும் உரிமையே மேலோங்கும். அந்தப் பிரிவினர் மட்டுமே பங்கேற்கும் சில குறிப்பிட்ட சடங்குகளின்போது மற்றவர்களை விலக்கி வைக்கலாம், மற்ற நேரங்களில் எல்லோரும் வரலாம். ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது. விலக்கி வைக்கும் உரிமையை எவ்வளவு அனுமதித்தாலும், பொதுமக்களின் உரிமையில் கணிசமான ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் அவர் வைத்த அளவுகோல். அறங்காவலர் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போனாலும் தவறு, பக்தர் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போனாலும் தவறு.

மேல்பாதிக்கு வருவோம். இது எங்கள் தனிக்கோயில் என்ற வாதம் அங்கேயும் எழுந்தது. அறநிலையத் துறையோ தன் கட்டுப்பாட்டில் உள்ள கோயில் என்றது. தனிக்கோயில், பொதுக்கோயில் வித்தியாசத்துக்கும் வழிகாட்டும் தீர்ப்பு உண்டு. 1956-ஆம் ஆண்டின் தேவகி நந்தன் வழக்கு. எழுதியவர் அதே வெங்கடராம ஐயர். பயனடைபவர்கள் இன்னார் இன்னார் என்று எண்ணிச் சொல்லக்கூடிய ஒரு குடும்பமாக இருந்தால் தனிக்கோயில். எண்ணி அடக்க முடியாத ஒரு மக்கள் கூட்டமாக இருந்தால் பொதுக்கோயில். தலைக்கட்டு வரி வசூலித்து, காப்புக் கட்டி, ஊர் கூடித் தீ மிதிக்கிற ஒரு திரௌபதி அம்மன் கோயிலை ஒரு குடும்பத்தின் பூஜை அறையோடு சேர்த்து எண்ண எந்த வழியும் இல்லை. ஒரு சாதியார் மட்டுமே கும்பிட்டு வந்த கோயில் என்று வாதிட்டாலும் 1949-இல் சேர்ந்த 'எந்தப் பிரிவுக்கும்' என்ற சொல் வாசலை மறிக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1976-இல் வந்த திருத்தமும் இதையே செய்தது. உரிமையாளரே பொது வழிபாட்டுக்கு விட்டிருந்தால் தனியார் இடமும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

ஆகவே மேல்பாதியில் ஹெய்டனைக்கூடக் கூப்பிட வேண்டியதில்லை. ஒயிட்லி வழக்கின் நீதிபதிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்துச் சொல்லுக்குச் சொல் வாசிக்கச் சொன்னாலும் விடை ஒன்றுதான்.

திரௌபதி கோயில் என்பதால் இங்கே ஒரு சிறு விலகல். செஞ்சி வட்டாரம்தான் திரௌபதி வழிபாட்டின் தாய்நிலம். செஞ்சி அருகேயுள்ள மேலச்சேரிக் கோயிலை இந்த வழிபாட்டின் மூலக் கோயிலாகக் கொள்கிறார்கள். இப்பகுதிப் பாரதக் கூத்தில் துகில் உரியும் இரவு முக்கியமானது. அந்தச் சபையில் திரௌபதி வைத்தது ஒரு சட்டக் கேள்வி. தன்னை முதலில் தோற்றுவிட்ட தருமனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லிக் கையை விரித்தார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன் மட்டும் எழுந்து காரணங்களை அடுக்கி மாறுபட்ட கருத்துச் சொன்னான். மற்றவர்கள் யார் கையில் அவள் இருக்கிறாள் என்பதை மட்டும் பார்த்தார்கள்.

145-ஆவது பிரிவும் அதைத்தான் பார்க்கச் சொல்கிறது. நிலம், நீர் சம்பந்தமான தகராறால் அமைதி குலையும் என்று நிர்வாக நடுவர் கருதினால் இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கலாம். விசாரணையில் அவர் தீர்மானிக்க வேண்டியது சொத்து யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே. யாருக்கு உரிமை என்ற கேள்விக்குள் போகக் கூடாது என்று பிரிவே கட்டளையிடுகிறது. அவசரமானால் 146-இன்படி சொத்தை முடக்கி வைக்கலாம். வரப்புத் தகராறுக்கும் கிணற்றுத் தகராறுக்கும் இது நல்ல ஏற்பாடு. உரிமையைச் சிவில் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும், அதுவரை அரிவாள் வெளியே வராமல் இருக்கட்டும். ஆனால் தீண்டாமைத் தகராறில் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கேட்டால் கிடைக்கும் விடை எப்போதும் ஒன்றே. விலக்கி வைத்தவர் கையில் இருக்கிறது. அனுபவம் என்பது வழக்கத்தின் மறுபெயர் ஆகிறது. 1947-இல் வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட வழக்கம் 145 என்ற ஜன்னல் வழியாகத் திரும்ப உள்ளே வருகிறது.

நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான 147-ஆவது பிரிவும் உதவாது. அந்த உரிமையை விசாரணைக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள், பருவத்துக்கு மட்டும் உரியதானால் கடைசிப் பருவத்தில், செலுத்தியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தலைமுறை தலைமுறையாக வாசலில் நிறுத்தப்பட்டவர் இதற்கு எந்தச் சாட்சியைக் கொண்டுவருவார்?

கோட்டாட்சியரின் இடத்தில் நின்று பார்த்தால் அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வாசலில் இரண்டு கூட்டம், கையில் குறைந்த போலீஸ், ஓர் உயிர் போனால் பொறுப்பு அவருடையது. இங்கிலாந்தும் இந்தக் குழப்பத்தில் சிக்கியிருக்கிறது. 1882-இல் வெஸ்டன் சூப்பர் மேர் என்ற கடற்கரை ஊரில் இரட்சணிய சேனையார் ஊர்வலம் போனார்கள். அவர்களை அடிப்பதற்கென்றே எலும்புக்கூட்டுப் படை என்ற பெயரில் ஒரு கூட்டம் கிளம்பியது. கலவரம் வரும் என்று நடுவர்கள் ஊர்வலக்காரர்களையே குற்றவாளிகள் ஆக்கினார்கள். பீட்டி வழக்கு என்று அறியப்படும் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி நடப்பவர் நடந்துகொள்வதால் இன்னொருவர் சட்டத்தை மீறுவார் என்பதற்காக முதலாமவரைத் தடுக்க முடியாது என்றது. 1936-இல் டங்கன் வழக்கு இதற்கு எதிர்த்திசையில் போய், போலீஸுக்கு முன்கூட்டித் தடுக்கும் அதிகாரம் தந்தது. அந்தத் தீர்ப்பு அன்றிலிருந்து கண்டனத்துக்கு உள்ளாகியே வந்திருக்கிறது.

மேல்பாதி, பீட்டி வழக்கைவிட எளிதான வழக்கு. வெஸ்டனில் இருந்தது பொதுவான நடமாட்டச் சுதந்திரம். மேல்பாதியில் இருப்பது பெயர் சொல்லி எழுதிக் கொடுத்த சட்ட உரிமை. அதைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். உரிமையுள்ளவர் ஒரு பக்கம், குற்றம் செய்யத் தயாராய் நிற்பவர் மறுபக்கம். இருவரையும் ஒரு சொத்துத் தகராறின் இரு கட்சியாக்கி, சம தூரத்தில் நிறுத்தி, கதவைப் பூட்டுவது நடுநிலை ஆகாது. பூட்டினால் இரு தரப்புக்கும் சம நஷ்டம்தானே என்று கேட்கலாம். உள்ளே விடாமல் இருப்பதே தங்கள் கோரிக்கை என்று நின்றவர்களுக்குப் பூட்டு பாதி வெற்றி.

இத்தனைக்கும் கோயிலா இல்லையா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும் வழி 1947 சட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதன் ஆறாவது பிரிவு: ஓர் இடம் இந்தச் சட்டத்தின்படி கோயிலா என்ற கேள்வி எழுந்தால் அதை மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். அரசின் முடிவே இறுதி. மறுப்பவர் ஆறு மாதத்துக்குள் சிவில் நீதிமன்றம் போகலாம். மூல்கியில் அரசு முடிவெடுத்ததும் அறங்காவலர்கள் கோர்ட்டுக்குப் போனதும் இந்த வழியில்தான். வழக்குப் போட வேண்டிய சுமை மறுப்பவர் தலையில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 145-இல் அந்தச் சுமை உரிமை கேட்பவர் தலைக்கு மாறிவிடுகிறது.

உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மார்ச்சில் மேல்பாதிக் கோயில் திறந்தது. நித்திய பூஜைக்காகப் பூசாரிக்கு மட்டும் அனுமதி, பக்தர்கள் எவரும் உள்ளே போகக் கூடாது. அம்மன் பட்டினி கிடக்கக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் மூல்கித் தீர்ப்பின் அளவுகோலை வைத்தால், பக்தர் கையில் கணிசமாக மிஞ்ச வேண்டிய உரிமையில் அந்த ஓராண்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. 2025 ஏப்ரல் 17 அன்று போலீஸ் பாதுகாப்போடு பட்டியல் சாதி மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். சீல் வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 22 மாதம். அன்றைக்குக் கொடுக்க முடிந்த போலீஸ் பாதுகாப்பை முதல் மாதத்திலேயே கொடுத்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு எந்தச் சட்டப் பிரிவும் பதில் சொல்லாது, நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. 145 இப்போது 164. யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற கேள்வியும், உரிமைக்குள் போகாதே என்ற கட்டளையும் மாறவில்லை. இனி ஒரு கோயில் தகராறில் 164-இன்கீழ் கையெழுத்திடும் கோட்டாட்சியர், 1947 சட்டத்தின் ஆறாவது பிரிவின்படி கேள்வியை அரசுக்கு அனுப்பினாரா, அனுப்பவில்லையென்றால் ஏன் என்று உத்தரவின் முதல் பத்தியிலேயே எழுதட்டும். எழுதாத உத்தரவை உயர் நீதிமன்றம் அன்றே திருப்பி அனுப்பட்டும்.